கைக்குழந்தைக்கு வசம்பு: எங்கள் நிலைப்பாடு

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வசம்பை எந்த வடிவிலும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தை நல மருத்துவர்களும் சித்த மருத்துவர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு இதில் ஒரே கருத்தில் இருக்கிறது.

பிள்ளை வளர்ப்பான் என்று பெயரெடுத்த மருந்து அது. எங்களில் பலரும் அதை நக்கி வளர்ந்தவர்கள்தான். ஆகவே, “எங்க காலத்துல கொடுக்கலையா?” என்று கேட்கும் பாட்டிமாரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்கில் சுட்டு, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவுவது வழக்கம். நன்றாகச் சுட்டால் வசம்பிலேயே உள்ள எண்ணெய் பெருமளவு போய்விடும். ஆனால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் துண்டும் உரைகல்லுக்கு வருகிறது. எத்தனை இழைப்பு என்பது அவரவர் கைக்கணக்கு. இப்போது சுடாத வசம்புப் பொடியே பாக்கெட்டில் கிடைக்கிறது. அதைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேனே ஆகாது.

வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்த ஆய்வில் குடலில் கட்டிகள் வந்ததால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வட அமெரிக்காவில் விளையும் வகையில் இந்தப் பொருள் கிடையாது. நம் நாட்டு வசம்பில்தான் மிக அதிகம்.

எங்களுக்கு இதைவிட உடனடிக் கவலை வேறு. வசம்புக்கு மயக்கும் குணம் உண்டு. அழுத பிள்ளை அடங்கிப் படுத்தால் வயிற்று உப்புசம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். மயங்கிக் கிடக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்?

கையில் கட்டும் வசம்பு வளையலும் வேண்டாம். பிள்ளை சப்பும், மணி கழன்றால் தொண்டையில் அடைக்கும். கர்ப்பிணிகள் வசம்பைத் தொடவே கூடாது. மற்றப் பெரியவர்கள் பதிவு பெற்ற சித்த மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அரிசியில் வண்டு வராமலிருக்க வசம்பு போடுபவர்கள் துணியில் முடிந்து போடட்டும், களைந்து சமைக்கட்டும்.

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் ஒவ்வொரு வசம்புப் பொட்டலத்திலும் ‘குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்’ என்று தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிள்ளை ஓயாமல் வாந்தியெடுத்தாலோ, பால் குடிக்க எழுப்பியும் எழாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். மீதித் துண்டையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவமனையில் இருப்பவர்கள், கொடுத்தவரைத் திட்டாமல் என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று முதலில் கேட்க வேண்டும். திட்டுக்குப் பயந்தால் அடுத்த முறை உண்மை வராது.