36 மணி நேரப் பரிசும் பாலாற்றின் கணக்கும்

பரிசுத் தொகையை அறிவித்து, நூறு மாணவர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, ராத்திரி முழுக்க டீ கொடுத்தால் விடிவதற்குள் ஒரு புதுத் தொழில்நுட்பம் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பொறியியல் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. மத்திய அரசின் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017இல் தொடங்கியது. மென்பொருள் பிரிவில் 36 மணி நேரம் இடைவிடாத வேலை; ஜெயிக்கும் அணிக்கு ரொக்கப் பரிசு. பெங்களூருவில் 2018இல் தொடங்கிய ஈத்இந்தியா ஹேக்கத்தானில் இன்னொரு வழக்கம் உண்டு. பணம் போடும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பிளாக்செயினை, தன் சேமிப்பு நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் அணிகளுக்கென்று தனித்தனியாக 'பவுண்ட்டி' எனும் பரிசை அறிவிக்கும். வேலூர் மாணவர்களும் இந்த மேடைகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அவர்கள் போவதில் ஒரு குறையும் இல்லை. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத, கணினிக்குக் கணினி நேராகப் பேசும் வலைப்பின்னலைப் பரிசுப் பணத்தால் உண்டாக்கிவிடலாம் என்று கல்லூரிகளும் நிறுவனங்களும் நம்புவதுதான் தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் மாணவர்கள்.

போட்டியின் கடைசி மணி நேரத்தில் நடப்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஒரே மேசையில் மூன்று மடிக்கணினிகள், மூன்றும் ஒரே வைஃபையில். ஒன்றில் போட்ட கோப்பு அடுத்ததில் வந்துவிடுகிறது, நடுவர் தலையாட்டுகிறார். அதே மூன்று மடிக்கணினிகளையும் ஆம்பூரில் ஒன்று, பேரணாம்பட்டில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று என்று வைத்து, செல்போன் டேட்டாவில் இணைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே முடியாது. செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட கணினியை நேராகக் கூப்பிட வழி இருக்காது. அதைத் தாண்ட நடுவில் ஒரு சர்வர் உதவ வேண்டும். அந்த சர்வருக்கு மாதா மாதம் யார் பணம் கட்டுவது? கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது? பொய்த் தகவல் அனுப்பும் கணினியை எப்படி அடையாளம் காண்பது? இந்தத் துறையின் உண்மையான வேலை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. 36 மணி நேரத்தில் இவற்றைத் தொடக்கூட நேரம் கிடைக்காது.

ஊர் ஊராகச் சிதறிய கணினிகளைச் சேர்த்து வேலை வாங்குவதில் வெற்றி கண்டவை வேறு வழியில் வந்தவை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டத்தில், வேற்றுலக சமிக்ஞைகளைத் தேடுவதற்காக உலகெங்கும் லட்சக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தைச் சும்மாவே கொடுத்தார்கள். 2020 மார்ச் 31இல் புது வேலை அனுப்புவது நின்றது. தொண்டர்கள் குறைந்ததால் நிற்கவில்லை. இவ்வளவு கணினிகளை மேய்ப்பதே தங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கிறது, வந்த முடிவுகளை இனி உட்கார்ந்து ஆராய வேண்டும் என்று அந்தச் சிறு குழு சொன்னது. தட்டுப்பாடாக இருந்தது பராமரிக்கும் ஆள்தான்.

ஆய்வும் இதையே சொல்கிறது. அலெக்சாண்டர் நோல்ட்டே குழுவினர் ஹேக்கத்தான் திட்டங்கள் பிற்பாடு என்ன ஆகின்றன என்று பெரிய அளவில் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிசு வாங்கிய திட்டங்கள் கொஞ்ச காலம் தொடர்கின்றன. நீண்டகாலம் நிலைப்பதற்கும் பரிசுக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. நீடித்தவற்றின் பின்னால் இருந்தது அணியில் பலவகைத் திறமை கலந்திருப்பதும், திட்டத்தை விரிவாக்கும் எண்ணமும்தான். போட்டி முடிந்த கையோடு வெறித்தனமாக வேலை செய்தவை நிலைக்கும் வாய்ப்பு குறைவு என்றும் அவர்கள் கண்டார்கள்.

உழைப்புக்கு எப்படிக் கூலி கொடுப்பது என்ற கேள்வியை வேலூரைச் சுற்றியுள்ள தோல் வட்டாரம் நன்றாகவே அறியும். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் ஷூவின் மேல்பாகமான அப்பரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். கனத்த தோலில் ஊசியை ஏற்றி, நூலை இறுக்கி இழுத்து, விரல் காய்த்துப்போய், மாலையில் முதுகு நிமிராது. பீஸ் ரேட்தான், இத்தனை ஜோடிக்கு இவ்வளவு. சிவிடெப் முதலிய தொண்டு நிறுவனங்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஜோடிக்குப் பத்து ரூபாயை ஒட்டியே கூலி கிடைப்பதையும், அதே ஷூ ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதையும் எடுத்துக்காட்டியது. அநியாயமான கூலி. ஆனாலும் தைத்த ஜோடிக்குக் கூலி உண்டு. ஹேக்கத்தானில் நூறு அணிகள் தைக்கின்றன, மூன்று அணிகளுக்குக் கூலி. மற்ற தொண்ணூற்றேழு அணிகளின் இரவும் மூளையும் நிறுவனத்தின் விளம்பரக் கணக்கில் சேருகின்றன. வெளியில் ஆள்வைத்துச் செய்திருந்தால் பல மடங்கு செலவாகியிருக்கும் சோதனை வேலையைப் பிள்ளைகள் இனாமாகச் செய்துகொடுக்கிறார்கள்.

எந்தச் சிக்கலைத் தீர்ப்பது என்பதையும் பரிசு கொடுப்பவரே முடிவு செய்கிறார் என்பது இன்னும் பெரிய கோளாறு. பாலாற்றை எடுத்துக்கொள்வோம். டேனரிக் கழிவால் கெட்ட நிலத்துக்கும் கிணற்றுக்கும் யார் பொறுப்பு என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் இந்த நிலை.

இந்தப் பாலாற்றுக்கு ஹேக்கத்தானில் என்ன விடை வரும் என்று யாரும் ஊகிக்கலாம்: தண்ணீரில் ஒரு சென்சார், அளவுகளைப் பதிய ஒரு பிளாக்செயின், வண்ண வண்ணமாக ஒரு திரை. சென்சார் புதிதல்ல. டேனரி உட்பட 17 வகைத் தொழில்கள் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014லேயே உத்தரவிட்டுவிட்டது. பிளாக்செயின் எழுதியதை அழிக்க விடாது. எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. சென்சாரை நல்ல தண்ணீர் வாளியில் போட்டாலும் அந்த அளவை என்றென்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கும். சென்சார் முனையில் படியும் அழுக்கை வாரந்தோறும் துடைத்து, அளவுத்திருத்தம் செய்து, சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் தர எந்த பவுண்ட்டியும் இல்லை.

பரிசை ஆதரிப்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று 1714இல் பிரிட்டன் அறிவித்த 20,000 பவுண்டு. கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க அறிவித்த அந்தப் பரிசால்தான் ஜான் ஹாரிசன் கடிகாரம் செய்தார் என்பார்கள். அவர் பல பத்தாண்டுகள் உழைத்தார். 1737இல் 500 பவுண்டில் தொடங்கி அவ்வப்போது கிடைத்த இடைக்கால உதவித்தொகையில்தான் வேலை நகர்ந்தது. முழுத் தொகைக்காகக் கிழவயது வரை மல்லுக்கட்டினார். அந்தக் கதை தொடர் நிதியுதவிக்கே சாட்சி. பரிசு பலிக்கும் இடமும் ஒன்று உண்டு: மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது. 1995இல் நெட்ஸ்கேப் தொடங்கிய அந்த வழக்கம் இன்றும் நன்றாக நடக்கிறது. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று சோதித்து உறுதிசெய்யலாம், கண்டுபிடித்தவருக்கு உடனே பணம் தரலாம். ஒரு வலைப்பின்னலை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது அப்படிப்பட்ட வேலை அல்ல.

வேறு வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பரிசு எதுவுமின்றி வாராவாரம் கூடி மாணவர்களைப் பழக்குகின்றன. ஸெரோதா நிறுவனம் 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குகிறது. வேலூர் வட்டாரக் கல்லூரிகளும் தோல் ஏற்றுமதியாளர்களும் அடுத்த ஹேக்கத்தானின் பரிசுத் தொகையை அப்படியே எடுத்து, இரண்டு மாணவர்களுக்கு ஓர் ஆண்டு உதவித்தொகையாகக் கொடுக்கட்டும். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பத்துக் கிணறுகளின் நீரில் மாசு அளவுகளை அவர்கள் மாதந்தோறும் எடுக்கட்டும். அந்தப் பதிவின் நகல் ஊராட்சி அலுவலகம், பள்ளி, விவசாயிகள் சங்கம் என்று பத்து இடங்களின் கணினிகளில் தனித்தனியாக இருக்கட்டும். ஓரிடத்தில் அழித்தாலும் ஒன்பது இடத்தில் நிற்கும் அந்தப் பதிவேட்டை, அடுத்த முறை இழப்பீட்டு வழக்கு வரும்போது ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் வைக்கலாம்.