ஆளுக்கொரு சுரம்: வகுப்பறையும் வெகுசனப் பாடலும்

குழந்தைகளுக்கானவை என்று பெரியவர்கள் ஒதுக்கிக் கொடுக்கும் பாடல்களைக் குழந்தைகள் உண்மையில் விரும்புகிறார்களா? நம் கல்விச் சூழலில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. கிளியும் முயலும் நிலாவும், அவற்றோடு கொஞ்சம் அறிவுரையும் கலந்துவிட்டால் போதும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அதே குழந்தை வீட்டுக்குத் திரும்பியதும், பெரியவர்களின் பிரிவையும் ஏக்கத்தையும் சொல்லும் திரைப்பாடலைச் சொல் பிசகாமல் முணுமுணுக்கிறது. வகுப்பில் பாடும் பாட்டு ஒன்று. உள்ளத்தில் ஓடும் பாட்டு வேறொன்று. இவ்விரண்டும் ஒருமுறையேனும் சந்திக்க வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்குக் கனடாவில் நிகழ்ந்த ஒரு முயற்சியைச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

1970களின் நடுப்பகுதியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லாங்லிப் பகுதிப் பள்ளிகளில் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இளைஞர் இசையாசிரியராகச் சேர்ந்தார். ராக் இசையில் தோய்ந்த கித்தார் கலைஞர் அவர். இசைக்கல்வியின் வழக்கமான முறைகளில் ஊறியவரல்லர். மழலைக்கென்று செய்யப்பட்ட பாடல்களைக் கற்பிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பீச் பாய்ஸ், பால் மெக்கார்ட்னி, டேவிட் போவி, ஃப்ளீட்வுட் மேக், ஈகிள்ஸ் ஆகியோரின் பாப் பாடல்களைத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1976, 1977 ஆண்டுகளில் பள்ளி உடற்பயிற்சிக் கூடமொன்றில், இரண்டே தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியால் அவர்கள் பாடியும் வாசித்தும் பதிவானவை இரு இசைத்தட்டுகளாயின. மாணவர் குடும்பங்களுக்கென்று சில நூறு படிகள் மட்டுமே அச்சாயின. அத்துடன் அக்கதை முடிந்திருக்க வேண்டும்.

கால் நூற்றாண்டுக்குப் பின் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் கண்ணில் அவற்றுள் ஒன்று பட்டது. 2001இல் இரண்டும் சேர்ந்து ஒரே குறுந்தகடாக வெளிவந்தன. 'இன்னொசன்ஸ் அண்ட் டெஸ்பேர்' என்பது அதன் பெயர். 'கள்ளமின்மையும் கையறவும்' என்று நாம் தமிழாக்கலாம். விண்வெளியில் தொடர்பறுந்து மிதக்கும் மனிதனைப் பற்றிய தம் பாடலைக் குழந்தைகள் கையாண்டிருந்த விதத்தைப் போவியே வியந்து பாராட்டினார்.

புகழ் நமக்கு இரண்டாம்பட்சம். ஒரு வகுப்பு முழுவதையும், அதாவது நன்றாகப் பாடுபவரையும் பாட வராதவரையும் சேர்த்து, ஒரு பாட்டுக்குள் அமர்த்துவது எப்படி என்பதே ஆசிரியருக்கு முக்கியமானது. இங்குதான் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபெங்கர் பயன்படுத்தியவற்றுள் பல, ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் (1895–1982) அவருடன் பணியாற்றிய குனில்ட் கேட்மனும் பள்ளிக் குழந்தைகளுக்கென வளர்த்தெடுத்த இசைக்கல்வி முறையைச் சார்ந்தவை. பெட்டியின் மேல் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன பட்டைகள் வரிசையாக இருக்கும், பட்டைக்கொரு சுரம், சிறு கோலால் தட்ட வேண்டும். இப்பட்டைகளைத் தனித்தனியே கழற்றலாம் என்பதில்தான் நுட்பமே இருக்கிறது. பாட்டின் ஓரிடத்துக்கு மூன்று சுரங்களே வேண்டுமென்றால் மூன்றை விட்டுவைத்து மற்றவற்றை எடுத்துவிடலாம். பிறகு அக்குழந்தை எதைத் தட்டினாலும் சுரம் பிசகாது. காலம் தவறாமல் தட்ட வேண்டும் என்பது மட்டுமே அதன் பொறுப்பு.

இம்முறையில் ஒரு பாப் பாடலை வகுப்புக்குப் பங்கிட்டுப் பாருங்கள். நால்வர் ஓரிரு சுரங்களை மாறாமல் மீட்டிக்கொண்டிருப்பர். இருவர் முரசில் அடித்தளம் இடுவர். ஒருவர் சரியான நொடியில் ஒரே ஒருமுறை தாளத்தட்டை மோதுவார். ஏனையோர் ஒரே குரலாகப் பாடுவர். அந்த ஒருமுறை மோதலுக்காகப் பாட்டு முழுவதும் எண்ணிக்கொண்டு காத்திருக்கும் மாணவரைவிடக் கூர்ந்து கேட்பவர் அவ்வறையில் வேறெவரும் இருக்க முடியாது. அவர் பங்கு சிறிதுதான். ஆனால் அவர் தவறினால் அனைவருக்கும் தெரிந்துவிடும். தான் இன்றியமையாதவன் என்ற உணர்வைத் தேர்வுத்தாள் எத்தனை மாணவருக்குத் தந்திருக்கிறது?

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி சிலப்பதிகாரத்தை நினைவூட்டாமல் இராது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர்களையே இடுகிறாள். ஒவ்வொருத்தியும் ஒரு சுரம். எழுவரும் கைகோத்தால்தான் பண். எவளும் தனித்துச் சிறந்தவள் என்று அங்கே தேர்ந்தெடுக்கப்படவில்லை. அக்குரவை மகிழ்ச்சியில் பிறந்ததுமன்று. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனேற்றின் கண்ணில் நீர் சொரிகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்ற அச்சத்தில்தான் அவர்கள் ஆடிப் பாடுகிறார்கள். கோவலன் கொலையுண்ட செய்தி ஆயர்பாடியை இன்னும் எட்டவில்லை. அச்சத்தைத் தனியே தாங்காமல் பலர் கூடிப் பாடிக் கடக்க முயலும் அம்மரபு நமக்குப் புதியதன்று.

இந்த இடத்தில் நம் ஆசிரிய நண்பர்கள் முதல் மறுப்பை எழுப்புவர். தனிமை, பிரிவு, கையறவு ஆகியவை சின்னஞ்சிறார் பாடத்தக்கவையா? ஃபெங்கர் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்று கவனத்துக்குரியது: பெரியவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, தனிமையையும் துயரத்தையும் தொடும் பாடல்களின்பால்தான் அம்மாணவர்கள் ஈர்க்கப்பட்டனர். நமக்கு இதில் வியப்பில்லை. பத்து வயதுக் குழந்தைக்குப் பெற்றோரின் சண்டை தெரியும். பாட்டியின் மரணம் தெரியும். உயிர்த்தோழி வேறு ஊருக்குப் போய்விட்ட வெறுமை தெரியும். தெரியாதது, அதைச் சொல்லும் மொழிதான். துயரம் குழந்தைகளைத் தீண்டாது என்பது பெரியவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட கற்பனை. நம் சிறுவர் இலக்கியத்தின் கணிசமான பகுதி வெறும் நீதிபோதனையாகச் சுருங்கியதற்கும் இக்கற்பனையே காரணம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்பு தரத்தைப் பற்றியது. லாங்லிப் பதிவில் சுருதி ஆங்காங்கே விலகுகிறது. தாளம் முந்துகிறது, பிந்துகிறது. இதைக் கலை என்று எப்படிக் கொண்டாடுவது? குறைகளை அழகென்று மிகைப்படுத்தும் இரக்கம் நமக்கும் உடன்பாடன்று. பிள்ளைகளின் பிழையைக் கேட்டு உருகுவது பெரியவர்களின் சுகம். கற்பித்தலோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்லாண்டு சாதகத்தால் மட்டுமே எட்டக்கூடிய செவ்விசைத் துல்லியத்தை ஒரு வகுப்பு முழுவதிடமும் எதிர்பார்த்தால், அடுத்த வாரமே அங்கு ஐவர் பாடுவர், மற்றவர் கேட்பர். தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஐவருக்கான வகுப்பும் வேண்டியதுதான். அது வேறு வகுப்பு.

நம் பள்ளிகளுக்கு வருவோம். திரையிசை அங்கே நுழையாமலில்லை. ஆண்டு விழா மேடையில் அதுவே கோலோச்சுகிறது. ஆனால் எவ்வாறு? ஒலிபெருக்கி பாடுகிறது, பிள்ளைகள் வண்ண உடையில் ஆடுகின்றனர், அவர்கள் வாய் திறப்பதில்லை. பாட்டு இன்னொருவருடையதாகவே வந்து இன்னொருவருடையதாகவே போய்விடுகிறது. மற்றொரு பக்கம் போட்டிகள். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கிறது, அதை வரவேற்கிறோம். எனினும் போட்டி எதுவாயினும் அதன் முடிவில் பரிசு பெறாதவர்களே மிகுதி. நாற்பது பேரில் முப்பத்தைவர் 'எனக்குப் பாட வராது' என்ற முடிவோடு பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள் என்றால், அம்முடிவை அவர்களுக்குக் கற்பித்தது யார்? இடைவேளையில் பெஞ்சைத் தட்டித் தாளமிட்டு, சுற்றியிருப்போரைப் பாடவைக்கும் பையன் எல்லா வகுப்பிலும் இருக்கிறான். ஆசிரியர் உள்ளே வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது அந்தத் தாளம்தான்.

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, பதிவுசெய்த இசையை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்று கூறியது. வாழ்த்துப் பாடலுக்கு நாம் ஒப்புக்கொண்ட நெறி மற்றப் பாடல்களுக்கும் பொருந்தும். கூடிப் பாடும் கலைக்குச் 'சேர்ந்திசை' என்ற அழகிய சொல்லே நம்மிடம் வழங்குகிறது. எம்.பி. சீனிவாசன் (1925–1988) சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் வழியாக அதைத் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டிருந்தார். அப்பணி பள்ளி வகுப்பறைகளுக்குள் பரவலாகச் சென்று சேரவில்லை என்பது நம் இழப்பு.

எந்தத் திரைப்பாடலையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நாம் வாதிடவில்லை. இரட்டைப் பொருளில் எழுதப்பட்டவையும், பெண்ணை இழிவு செய்பவையும் வேண்டவே வேண்டா. தேர்வு ஆசிரியருடையதாகவும் மாணவருடையதாகவும் இருக்கட்டும்: மாணவர் பத்துப் பாடல்களைச் சொல்லட்டும், ஏன் அவற்றை விரும்புகிறார்கள் என்று பேசட்டும், ஆசிரியர் அவற்றுள் ஒன்றை எடுக்கட்டும். அந்தப் பேச்சே ஓர் இலக்கிய வகுப்புதான். விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. சுருதிக்கு ஓர் ஆர்மோனியம், தாளத்துக்கு ஜால்ரா, கஞ்சிரா, அந்தப் பெஞ்சு. பருவத்துக்கு ஒரு பாட்டு. அதில் வகுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒரு பங்கு. மேடை வேண்டா, பரிசு வேண்டா. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை போதும்.