கிண்ணம் நிறையக் கூடாது!

பிரான்சு நாட்டில் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால், ரொட்டி இருக்கும். பாலாடைக்கட்டி இருக்கும். பல வீடுகளில் பக்கத்திலேயே ஒரு புட்டி ஒயினும் இருக்கும். திராட்சைப் பழச் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மதுவே ஒயின்.

அதைப் பரிமாறுவதை அந்நாட்டு மக்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

பரிமாறும் முறை

வெள்ளை ஒயினைக் குளிர வைத்துக் கொடுக்க வேண்டும். 8 முதல் 12 டிகிரி வரை இருக்கலாம். சிவப்பு ஒயினுக்கு அவ்வளவு குளிர்ச்சி ஆகாது. 16 முதல் 18 டிகிரி வேண்டும். சூடு ஏறினால் சாராய நெடி அடிக்கும். மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

கண்ணாடிக் கிண்ணத்துக்கு நீண்ட காம்பு உண்டு. காம்பைத்தான் பிடிக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. கிண்ணம் நிறைய ஊற்றக் கூடாது! மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். மீதி இடம் மணம் தங்குவதற்கு. பிறகு உணவோடு சிறிது சிறிதாகப் பருக வேண்டும்.

இந்த விதிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே சொல்தான் நிற்கிறது. அதுதான் 'அளவு'.

பள்ளியில் மது!

அளவை இவ்வளவு அறிந்த நாடே, ஒரு காலத்தில் அளவை மறந்தது.

ஒயின் உடம்புக்குப் பலம் தரும் என்று பலர் நம்பினார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக்கூட அது கிடைத்தது. பெற்றோர்கள் பகையினால் இதை அனுமதிக்கவில்லை. பாசத்தினால்தான் அனுமதித்தார்கள். ஆனால் பாசம் மட்டும் போதுமா?

1954-ம் ஆண்டில் பியேர் மென்டெஸ் பிரான்ஸ் என்பவர் பிரதம மந்திரியாக இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். எல்லோரும் பார்க்கத் தாமும் பால் குடித்தார். பலர் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை.

1956-ம் ஆண்டில், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவுக் கூடத்தில் மது கொடுப்பது தடுக்கப்பட்டது. 1981-ல் மேல்நிலைப் பள்ளிகளிலும் தடை வந்தது. இன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே மது விற்கவே கூடாது.

கலை அழிந்ததா?

இதனால் ஒயின் கலை அழிந்துவிட்டதா? இல்லையே! அந்நாட்டு மக்கள் இன்று குடிக்கும் ஒயின், 1960-ல் குடித்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் நல்ல ஒயினுக்கு அங்கே மதிப்புக் குறையவில்லை.

மதுவில் உடம்புக்குத் தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. ஆகவே, பலம் தரும் என்ற பழைய பேச்சுக்கு இனி இடமில்லை.

அப்படியானால் சிறந்த உபசாரம் எது? விலை உயர்ந்த புட்டியைத் திறப்பதா? அல்ல. விருந்தாளி "போதும்" என்றால், புட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். "வேண்டாம்" என்பவரை வற்புறுத்தக் கூடாது. பிள்ளைகளின் கிண்ணத்தில் தண்ணீர்தான் இருக்க வேண்டும்.

இதை அறிந்தவரே பரிமாறத் தெரிந்தவர். மற்றவர் ஊற்றத் தெரிந்தவர், அவ்வளவுதான்!