சொந்தமா எழுதினாலும் 'ஏஐ' முத்திரை: டிடெக்டரிடம் மாட்டுவது யார்?

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கல்லூரிக்குள் நுழைந்ததும் அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு எல்லாமே ஆங்கிலம். விஷயம் தெரியும், ஆனா இங்கிலீஷ்ல எழுத வராது. இப்படித் தவிக்கும் மாணவருக்கு சாட்ஜிபிடி, 'எ', 'தி' எங்கே வரும் என்று அலுக்காமல் சொல்லித்தரும் டியூஷன் வாத்தியார். தமிழில் இல்லாத இலக்கணம் அது. ராத்திரி 12 மணிக்கு வேறு யாரிடம் கேட்பது?

திருத்தித் தருவது வேறு, முழுசா எழுதித் தருவது வேறு என்பது மாணவர்களுக்கே தெரியும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுரையை 'ஏஐ டிடெக்டர்' மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நீ எழுதினதே இல்ல" என்று பேராசிரியர் சொல்லிவிட்டால்?

அது வீண் பயம் இல்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 டிடெக்டர்களில் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனையும் மனிதர்கள் எழுதியவை. ஆனால் சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளுக்கு 'ஏஐ' முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகக் குறைவு.

ஏன் இப்படி? அடுத்த வார்த்தையை எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திரத்தின் எழுத்து என்பதே பல டிடெக்டர்களின் கணக்கு. மொழியைப் புதிதாகக் கற்பவரோ, தெரிந்த வார்த்தைகளை வைத்து நேரான, சிம்பிளான வாக்கியம்தான் எழுதுவார். அதுவே குற்றமாகிவிடுகிறது.

கொடுமை இதோடு முடியவில்லை. அதே கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து வார்த்தைகளை மெருகேற்றியதும், தவறான முத்திரை சுமார் 12 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, சொந்தமா எழுதியவர் மாட்டுகிறார். ஏஐயிடம் பாலிஷ் போட்டவர் தப்பிக்கிறார்!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் டிடெக்டரை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. யுஜிசியின் 2018 விதிகள், 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. அது காப்பியடிப்பதைப் பற்றியது. எந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அதில் பக்கத்தோடு காட்ட முடியும். டிடெக்டர் காட்டும் சதவீதம் வெறும் ஊகம். மாணவரால் அதை மறுத்து நிரூபிக்கவும் வழியில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

சந்தேகம் வந்தால் மாணவரையே கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசலாம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்க்கலாம். பதிலைத் தமிழில் சொல்லவும் விடலாம். எழுதிய விஷயம் அவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதுதானே கேள்வி?