வாலிபர்களும் சேவைச் சங்கக் கனவான்களும்

புதுவையில் ஒரு வாலிபன் கஞ்சாவில் விழுந்தால் "அவன் தலைவிதி" என்கிறார்கள் நம் கனவான்கள். 1936 ஜூலை 30-இல் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுடப்பட்டு மாண்ட ஊர் இது. 2020-இல் ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்டதே, அதுவும் தலைவிதிதானா?

சேவைச் சங்கத்தார் நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள்; படமும் பிடித்துக்கொள்வார்கள். இளைஞருக்கென்று ரோட்டரியார் 1962-இல் தொடங்கிய இன்டராக்ட் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கிறது. பள்ளியை விட்டு நின்றவன் கதி என்ன?

1905-இல் சிக்காகோவில் ரோட்டரி தோன்றியபோது தொழிலுக்கு ஒருவராக ஆள் சேர்த்தார்கள். இன்றும் பட்டறைக்காரர், அச்சாபீஸ்காரர், ஓட்டல் முதலாளி எல்லோரும் அதில் உண்டு. ஆளுக்கொரு வாலிபனை, எந்தத் தெருவில் பிறந்தான் என்று கேளாமல், கூலி கொடுத்துத் தொழில் பழக்கினால் என்ன என்று நாம் கேட்கிறோம். "நன்னடத்தைச் சான்று கொண்டுவா" என்கிறார்களாம். அது கையிலிருந்தால் அவன் இவர்கள் வாசலுக்கு ஏன் வருகிறான்?