இல்லறத் துணை: கிளம்ப மறுக்கும் கார்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள். தில்லியைப் பனிமூட்டம் போர்த்தியிருந்த விடியற்காலை. அடுத்த வீட்டு அம்மையாருக்கு மூச்சுத் திணறல் கண்டிருப்பதாக அவருடைய மகன் வந்து கதவைத் தட்டினார். அம்மையாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நம் காரில் அமர்த்திச் சாவியைத் திருப்பினோம். ‘டிக், டிக், டிக்’ என்ற ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. நமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பால் வாங்கப் புறப்பட்ட எதிர்வீட்டு சர்தார்ஜி அருகில் வந்து, முன்மூடியைத் திறக்கச் சொன்னார். பாட்டரியின் முனையில் வெள்ளைப்பொடி பூத்திருந்தது. இணைப்பைத் தொட்டதும் ஆடிற்று. அதைத் திருகித் தேய்த்து அழுந்தப் பொருத்தினார். அடுத்த திருப்பில் இயந்திரம் உயிர்பெற்றது. அம்மையார் நலமுடன் வீடு திரும்பினார். எனினும், அன்று வீணான கால் மணி நேரம் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. குற்றம் பாட்டரியினுடையதன்று, நம் அசட்டையே.

தென்னாட்டு வெயிலில் பழகிய நம்மவர்க்கு வடநாட்டுக் குளிரின் இயல்பு எளிதில் விளங்குவதில்லை. குளிர் மிகுந்தால் பாட்டரியின் உள்ளே நிகழும் இரசாயன வினை மந்தமாகி, அதன் ஆற்றல் குறைகின்றது. அதே வேளையில் இயந்திர எண்ணெய் தடித்துவிடுவதால், இயந்திரத்தைச் சுழற்றக் கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான்!

கார் கிளம்பாவிடில், முதலில் அது எழுப்பும் ஒலியைக் கவனிக்க வேண்டும். முகப்பு விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி, ‘டிக் டிக்’ ஒலி தொடர்ந்தால், பாட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது முனை இணைப்பு பழுதாயிருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் ஒரே ஒரு தட்டொலி மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதன் இணைப்பையோ ஐயுறலாம். ஒலியே இல்லையெனில், தானியங்கிக் கியர் உள்ள கார்களில் கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கையால் கியர் மாற்றும் சில கார்களில் கிளட்சை முழுவதும் மிதித்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காது.

இயந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில், பாட்டரியைக் குறை கூறுவதில் பயனில்லை. எரிபொருளோ, பெட்ரோல் கார்களில் தீப்பொறியோ வரவில்லை என்பது பொருள். சி.என்.ஜி. வாயுவில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில்தான் கிளம்புகின்றன. சிக்கனம் கருதிப் பெட்ரோல் தொட்டியை வறளவிடும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க. எதுவாயினும், ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. அரை நிமிடமேனும் இடைவெளி விட வேண்டும்.

பிறர் காரிலிருந்து மின்சாரம் பெறுவதற்கும் முறை உண்டு. சிவப்புக் கம்பியின் ஒரு முனையை நம் பாட்டரியின் கூட்டல் முனையிலும், மறுமுனையை உதவும் பாட்டரியின் கூட்டல் முனையிலும் பொருத்துக. பின்னர்க் கறுப்புக் கம்பியை உதவும் பாட்டரியின் கழித்தல் முனையில் பொருத்தி, அதன் மறுமுனையை நம் இயந்திரத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், பாட்டரிக்கு எட்டவே மாட்டுக. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும். அருகில் பொறி தெறித்தால் வெடித்துவிடும். கழற்றும்போது இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்க. இயந்திரம் கிளம்பிய பின், மூடிய கொட்டகைக்குள் அதை ஓடவிடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

1912-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் புகுந்தது. அதற்கு முன்னர், கைப்பிடியைச் சுழற்றிக் கை முறிந்தவர்கள் பலர். இன்று விரலசைவில் கிளம்பும் வசதி வந்துவிட்டது. அதனாலேயே முன்மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் அருகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் பாட்டரியைச் சோதிப்பதை வீட்டு வழக்கமாக்கிக்கொள்வோம். இயந்திரம் ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் அளவு காட்டினால் முழுநிறைவு. 12-க்குக் கீழே இறங்கினால் மின்னேற்றம் தேவை. முனைகளில் பொடி பூத்திருந்தால், கழித்தல் இணைப்பை முதலிலும் கூட்டல் இணைப்பைப் பின்னரும் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்துக. மீண்டும் பூட்டும்போது கழித்தல் இணைப்பு இறுதியில் வரட்டும்.

இறுதியாக ஒன்று. காருக்குள் நோயாளி இருக்கையில் ஆராய்ச்சி வேண்டாம். இருமுறை முயன்றும் கிளம்பாவிடில் 112-ஐ அழையுங்கள். அண்டை வீட்டுக் கதவையும் தட்டுங்கள். சுற்றத்தாரை ஊரில் விட்டு வந்த நமக்கு, அயலாரே முதல் உறவினர்.