முதல் டிஎஸ்எல்ஆர் - காசை எங்கே போடுவது?

கேமரா கடைக்குள் காலடி வைக்கும் கல்லூரி மாணவரிடம் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும். கொஞ்சம் பணம், நிறைய ஆசை, "எத்தனை மெகாபிக்சல் அண்ணே?" என்ற ஒரே ஒரு கேள்வி. கடைக்காரரும் தயாராக இருப்பார். "இது 24 மெகாபிக்சல் தம்பி. ரெண்டு லென்ஸ், பை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து ஒரே செட்டு. இஎம்ஐ கூட இருக்கு." அரை மணி நேரத்தில் பெட்டி கைக்கு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்தக் கேமரா எங்கே என்று விசாரித்தால், பல வீடுகளில் கிடைக்கும் பதில்: "பீரோவுக்குள்ள இருக்கு".

ஆர்வம் குறைந்துபோனது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஆசை ஆசையாய் வாங்கிய கேமராவில் தங்கச்சியின் பிறந்தநாளை எடுத்தால் படம் கலங்கித் தெரிகிறது. கல்லூரி ஆண்டுவிழாவை எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிறது. பக்கத்தில் நின்ற நண்பனின் மொபைல் படம் அதைவிட நன்றாக இருக்கிறது. அப்புறம் யார்தான் முக்கால் கிலோ சுமையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? இன்னொரு பக்கம் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நிற்கும். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வழி ஒன்றுதான். பட்ஜெட் சின்னது என்றால் பாடி பழசாக இருக்கட்டும், லென்ஸ் நல்லதாக இருக்கட்டும். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆரா?

நியாயமான கேள்வி. 2003ல் கேனன் 300டி வந்தபோதுதான் டிஎஸ்எல்ஆர் விலை முதன்முதலாக 1000 டாலருக்குக் கீழே இறங்கியது. 2004ல் நிகான் டி70 போட்டிக்கு வந்தது. இரண்டிலும் இருந்தது 6 மெகாபிக்சல்தான். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு மாடல், இரண்டு மாடல் என்று சந்தை களைகட்டியது. 2018ல் நிகானும் கேனனும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பக்கம் திரும்பின. 2020ல் வந்த நிகான் டி780, டி6, கேனன் 850டி போன்றவற்றுக்குப் பிறகு இந்த இரண்டு கம்பெனிகளும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் அறிமுகப்படுத்தவில்லை. பென்டாக்ஸ் மட்டும் இன்னும் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கம்பெனிகளுக்கு இது முடிவாக இருக்கலாம். கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாற மாற, அவர்கள் கைவிட்ட பாடிகள் செகண்ட் ஹேண்டாக வருகின்றன. ஒரு காலத்தில் கல்லூரி மாணவர் கண்ணாடி அலமாரி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்ட சாமான்கள் இவை. புதுசு விற்காத பொருள் பழசாகும்போது விலை இறங்குவது இயல்பு. ஆனால் அது எடுக்கும் படத்தின் தரம் அப்படி இறங்குவதில்லை. 2013ல் நல்ல படம் எடுத்த சென்சார் இன்றைக்கும் அதே படத்தைத்தான் எடுக்கும்.

மெகாபிக்சல் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இந்த மயக்கம் தெளிந்துவிடும். ஆல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நல்ல தரத்தில் அச்சிட 1800க்கு 1200, அதாவது 21.6 லட்சம் பிக்சல் போதும். இரண்டே சொச்சம் மெகாபிக்சல்! 4கே டிவியில் முழுத்திரைக்கும் தேவைப்படுவது சுமார் 83 லட்சம். ஏ4 தாள் முழுக்க அச்சிட்டாலும் 87 லட்சம்தான். 16 மெகாபிக்சல் பாடியே இதற்கெல்லாம் தாராளம். 16க்கும் 24க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, ஆளில்லாத வீட்டுக்கு மூன்றாவது மாடி கட்டுகிற கதை.

வெளிச்சக் கணக்கு

அப்படியானால் பிறந்தநாள் படம் ஏன் கலங்கியது? குற்றவாளி லென்ஸ். செட்டோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் அப்பெர்ச்சர் எஃப்5.6க்கு மேல் திறக்காது. அப்பெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம். இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். 50 மி.மீ. எஃப்1.8 என்ற சின்ன லென்ஸ், எஃப்5.6ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

பத்து மடங்கு என்றால் நடைமுறையில் என்ன? ட்யூப்லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் 1/15 நொடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நேரத்துக்குள் கேக் வெட்டும் குழந்தை தலையைத் திருப்பிவிடும், படம் கலங்கும். எஃப்1.8ல் அதே இடத்தில் 1/125 நொடிக்கு மேலேயே போகலாம். குழந்தை அசைந்தாலும் முகம் தெளிவாக நிற்கும். "என் கிட் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே?" என்று ஒருவர் கேட்கலாம். அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். குழந்தையை அடக்காது :-)

ஐஎஸ்ஓவை ஏற்றினால் என்ன என்றால், ஏற்றலாம். 800ல் எடுக்க வேண்டியதை 6400ல் எடுக்கலாம். ஆண்டுவிழா படத்தில் புள்ளி புள்ளியாக வந்தது அதனால்தான். விலை உயர்ந்த புதுப் பாடி ஒன்று இதில் ஓரளவு உதவும். அதே உதவியை அதைவிட அதிகமாகச் செய்வது எஃப்1.8 லென்ஸ், அதுவும் மிகக் குறைந்த செலவில். கேனனின் 50 மி.மீ. எஃப்1.8 எஸ்டிஎம் 2015ல் 125 டாலருக்கு வெளியானது. கேமரா உலகில் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் தரும் பொருள் வேறு இல்லை.

எந்த ப்ரைம்?

ஜூம் இல்லாத, ஒரே தூரம் கொண்ட லென்ஸை ப்ரைம் என்பார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. அதனால் 50 மி.மீ. லென்ஸ், நிகானில் 75 போலவும் கேனனில் 80 போலவும் நெருக்கிக் காட்டும். முகங்களை எடுக்க அருமை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தையே எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் முட்டும். நிகான் வாங்குகிறவருக்கு 2009ல் வந்த 35 மி.மீ. எஃப்1.8ஜி டிஎக்ஸ் லென்ஸ் இன்னும் பொருத்தம். கேனன்காரருக்கு 24 மி.மீ. எஃப்2.8 எஸ்டிஎம் இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் அறைக்குள் அடங்கும்.

எந்தப் பாடி?

நிகானா கேனனா என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு எளிது. வீட்டில் மாமாவோ நெருங்கிய நண்பரோ எந்தக் கம்பெனி வைத்திருக்கிறார்களோ, அதுவே நல்ல கம்பெனி. லென்ஸ் இரவல் கிடைக்கும் :-) படத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரே ஒரு வலையில் மட்டும் விழக்கூடாது. கேனனின் ஈஎஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். நிகானில் அப்படி இல்லை. அதன் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை ஃபோகஸ் செய்ய பாடிக்குள் மோட்டார் வேண்டும். டி40, டி3000 வரிசை, டி5000 வரிசை இவற்றில் அந்த மோட்டார் கிடையாது. டி90, டி7000 வரிசையில் உண்டு. இது தெரியாமல் டி3500 பாடியும் பழைய 50 மி.மீ. எஃப்1.8டி லென்ஸும் வாங்கியவர் கையால் திருகித் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

புதிய கடைநிலை மாடலைவிட, ஒரு படி மேலே இருந்த பழைய மாடல் மேல். நிகான் டி7000 (2010), டி7100 (2013), கேனன் 60டி (2010), 70டி (2013) போன்றவை. இவற்றில் ஷட்டருக்கு ஒன்று, அப்பெர்ச்சருக்கு ஒன்று என்று இரண்டு டயல்கள் உண்டு. கண்ணை எடுக்காமல் இரண்டையும் மாற்றலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வசதி. கடைநிலை மாடல்களில் ஒரே டயலோடு ஒரு பட்டனையும் சேர்த்து அழுத்தித் தவிக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் - பார்த்து வாங்குவது எப்படி?

பழசு என்றதும் வீட்டில் அப்பா முகம் சுளிப்பார். "எவனோ அடிச்சு நொறுக்கினதைப் போய் வாங்கிட்டு வரியா?" அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பைக் வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பது போல இதையும் சோதித்து வாங்க வேண்டும்.

1. ஷட்டர் எண்ணிக்கை. கேமராவின் கிலோமீட்டர் மீட்டர் இதுதான். டி7000ன் ஷட்டர் 1,50,000 படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. நிகான் என்றால் புதிதாக ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பிலேயே எண்ணிக்கையைப் பார்க்கலாம். கேனனில் பல மாடல்களுக்குக் கணினியில் இணைத்துத் தனி மென்பொருள் மூலம்தான் பார்க்க முடியும்.

2. சென்சார். அப்பெர்ச்சரை எஃப்16ல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தூசி, சுத்தம் செய்துகொள்ளலாம். கீறல் என்றால் வேண்டாம்.

3. லென்ஸ். மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

4. பாட்டரி உப்பியிருக்கிறதா, எல்லா பட்டனும் வேலை செய்கிறதா, லென்ஸ் மாட்டும் இடம் ஆடுகிறதா என்று பார்ப்பது. பில் இருக்கிறதா என்று கேட்பது. பில்லும் பெட்டியும் இல்லாத "சூப்பர் ஆஃபர்" யாரோ தொலைத்த கேமராவாகவும் இருக்கலாம்.

நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

வாரண்டி இல்லையே என்பது முதல் வாதம். உண்மை. அதனால்தான் இருக்கிற பணம் முழுவதையும் பாடியில் கொட்டக்கூடாது. கையிலிருப்பதை நாலு பங்காக்கி, இரண்டு பங்கு பாடிக்கு, ஒரு பங்கு லென்ஸுக்கு, ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்தால், நாளைக்கு ரிப்பேர் வந்தாலும் கடன் வாங்க வேண்டாம். மெமரி கார்டு, கூடுதல் பாட்டரியும் அந்தக் கடைசிப் பங்கிலேயே அடங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்கூட. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் துணிப் பையோடு பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து. படங்களைச் சரிசெய்ய டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, அதற்குச் செலவே இல்லை.

செத்துக்கொண்டிருக்கும் தொழில்நுட்பத்தில் ஏன் காசு போட வேண்டும் என்பது இரண்டாவது. கேனனின் ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு அதன் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிகானிலும் எஃப்டிஇசட் அடாப்டர் உண்டு. அதில் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் சரியாக ஃபோகஸ் ஆகும், பழைய ஏஎஃப்-டி ஆகாது. ஆக, நாளை பாடி மாறினாலும் லென்ஸ் கூடவே வரும். காசை லென்ஸில் போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மூன்றாவது வாதம்தான் உண்மையிலேயே கனமானது. ஒருவருக்குப் பறவை மீதோ கிரிக்கெட் மீதோ பைத்தியம் என்றால், மேலே சொன்ன ப்ரைம் அவருக்கு உதவாது. வேடந்தாங்கலில் 35 மி.மீ. லென்ஸோடு நின்றால் ஏரிதான் விழும், நாரை விழாது. அவருக்கு 70-300 மாதிரி டெலி ஜூம்தான் வேண்டும். வெட்டவெளியில் பகல் வெளிச்சம் தாராளமாக இருப்பதால் எஃப்5.6 அங்கே பெரிய குறையும் இல்லை. லென்ஸ்தான் முதலில், பாடி அப்புறம் என்ற கணக்கு அங்கேயும் மாறாது. எந்த லென்ஸ் என்பதுதான் மாறுகிறது.

அதைத் தெரிந்துகொள்ளக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. மொபைலில் கடைசியாக எடுத்த 200 படங்களை ஒருமுறை தள்ளிப் பார்த்தால் போதும். பாதிக்கு மேல் வீட்டு மனிதர்கள் என்றால் ப்ரைம் வாங்கலாம். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் பறவைகள் என்றால் டெலி. எல்லாம் பிரியாணித் தட்டும் செல்ஃபியும்தான் என்றால் மொபைலே போதும். மிச்சமாகும் காசுக்கு இன்னும் நாலு பிரியாணி சாப்பிடலாம்.